முப்பிடாதியம்மாள் தவறவிட்ட பிறை

எங்கள் ஆஸ்பத்திரியில் முப்பிடாதியம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கெல்லாம் அவர் 'மௌஷி'. மராத்தியில் சித்தி என்று அர்த்தம். பம்பாய் ஆஸ்பத்திரிகளில் ஆயா வேலை பார்க்கிற எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பொதுப்பெயர்தான். வராந்தாவில் நின்று 'மௌஷி' என்று ஒரு குரல் விட்டால் ஆறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இவர் மட்டும் திரும்ப மாட்டார்.

"எனக்குப் பேரு வச்ச எங்க ஆத்தா என்ன கோட்டிக்காரியா சாமி? முப்பிடாதின்னு சொல்ல இவனுவளுக்கு நாக்கு சுளுக்கிக்கிடுமோ" என்பார் என்னிடம். நான் மாட்டுங்கா வெங்கடராமன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு, பெரிய கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக் கருவிகளின் ஒயரை ஒட்டுகிற டெக்னீஷியனாகப் போய்ச் சேர்ந்தவன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். தாராவியில் வீடு. வேலை பத்லி, அதாவது நிரந்தர ஆயா லீவு போட்டால் அந்த இடத்துக்கு வருகிற ஆள். பதினோரு வருஷமாக யாராவது ஒருத்தி லீவு போட்டுக்கொண்டே இருந்தாள், இவரும் வந்துகொண்டே இருந்தார்.

ஆயா வேலைக்கு வந்தவர் மொழிபெயர்ப்பாளர் ஆனது தானாக நடந்தது. கர்ப்பிணிகள் வரும் ஓ.பி.டி.யில், அதாவது வெளிநோயாளிப் பிரிவில், பாதிப் பேர் தாராவிக்காரர்கள். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்து நேராக ரயிலேறி வந்த பெண்களுக்கு ஹிந்தி வராது. டாக்டர்களுக்குத் தமிழ் வராது. முப்பிடாதியம்மாளுக்கு இரண்டும் வரும். ஹிந்தியை அவர் கற்றுக்கொண்டது தண்ணீர்க் குழாயடியில். அதனால் அவருடைய ஹிந்தியில் 'தயவுசெய்து' என்ற சமாசாரமே கிடையாது, எல்லாம் கட்டளைதான். டாக்டர் "உட்காரச் சொல்லுங்கள்" என்றால் அது தமிழில் போகும்போது "ஏ பிள்ள, உக்காரு, என்ன முழிக்க" என்று போகும். அந்தப் பெண் ஏதாவது கேட்டால் அது டாக்டரிடம் போகும்போது மிரட்டல் மாதிரிப் போகும். இரண்டு பக்கமும் வேலை மளமளவென்று நடந்தது.

டாக்டர் ஜோக்லேகர் மேடம் புதிதாக வந்த முதல் வாரத்தில் நடந்ததை இன்றும் நினைத்தால் சிரிப்பு வரும். ஒரு பெண் வந்து "ரெண்டு மாசமாக் குளிக்கலை" என்றாள். முப்பிடாதியம்மாள் அதை அப்படியே ஹிந்தியில் எடுத்துப் போட்டார். இரண்டு மாசமாக இவள் குளிக்கவில்லை. மேடத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. சுத்தம், சோப்பு, தோல் வியாதி என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தார். முப்பிடாதியம்மாளும் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னார், அந்தப் பெண்ணும் வெட்கத்தோடு தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்த நான் ஏணியிலிருந்து இறங்கி வந்து, எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் குளிக்கவில்லை என்றால் மாதவிலக்கு வரவில்லை என்று அர்த்தம், அது நல்ல சேதி என்று விளக்க வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் இதையே 'முழுகாம இருக்கா' என்பார்கள் என்றும் சொல்லி வைத்தேன். மேடம் கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். முப்பிடாதியம்மாளுக்குத்தான் கோபம். தெரிந்த வார்த்தை காலை வாரிவிட்டதே என்று.

அதற்குப் பிறகு அவர் தேதி விஷயத்தில் ரொம்பக் கறார். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாள் எது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். அதிலிருந்துதான் வாரக் கணக்கு. பெண்கள் அப்படிச் சொல்வார்களா? பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் குளிச்சேன் என்பாள் ஒருத்தி. தெற்குச் சீமை முஸ்லிம் பெண்களோ பிறைக் கணக்கில் சொல்வார்கள். மவ்லூது பிறை, மைதீன் பிறை, மதார் பிறை என்று சந்திர மாசத்துக்கு அவர்கள் வீட்டில் புழங்குகிற பெயர்கள். முப்பிடாதியம்மாள் இதற்கென்றே ஒரு தினசரிக் காலண்டர் வாங்கி வந்தார். மூலையில் பொடி எழுத்தில் பிறைத் தேதி போட்டிருக்கும். கிழித்த தாள்களை எறியாமல் ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார். பிறையைச் சொன்னதும் தாளைப் புரட்டி ஆங்கிலத் தேதியைச் சொல்லிவிடுவார். அப்போது அவர் முகத்தில் ஒரு கர்வம் தெரியும், சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே இருக்கும்.

எண்பத்தேழு கடைசியில் எங்களுக்கு டாப்ளர் மெஷின் வந்தது. பேனா மாதிரி ஒரு முனை. அதை ஜெல்லி தடவிய வயிற்றில் வைத்தால், காதுக்கு எட்டாத ஒலி உள்ளே போய், தொப்புள்கொடியில் ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பும். ரத்தத்தின் வேகத்தை மெஷின் சத்தமாக்கித் தரும், சின்னத் திரையில் மலை மலையாகக் கோடும் போடும். இந்த மாதிரி மெஷின் ஊரிலேயே ஒன்றிரண்டுதான் இருந்தது. நான் அதன் ஆங்கிலக் கையேட்டை மூன்று தரம் படித்திருந்தேன். கர்ப்பிணிகள் பயந்து போய் இது என்ன என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பிடாதியம்மாள் இரண்டு நாள் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, தானே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"தாயிகிட்ட இருந்து பிள்ளைக்கு லைன் போட்டிருக்குல்லா, அதுல ரத்தம் ஓடுத சத்தம் இது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல கூட நிக்காம ஓடணும். நம்ம தெருக் குழாயி மாதிரி துப்பித் துப்பி வந்துச்சுன்னா எங்கயோ அடைப்பு. பிள்ளைக்குச் சோறு பத்தாது, வளராது."

கையேட்டின் நாற்பது பக்கமும் இதுதான். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

இப்போது ஷரீஃபுன்னிசா கதைக்கு வருகிறேன். கடையநல்லூர்ப் பெண், இருபத்திரண்டு வயது. புருஷன் அபுதாஹிருக்குத் தாராவியில் லெதர் பேக் தைக்கிற கார்கானாவில் வேலை. ஊரிலேயே இரண்டு தரம் கருவுற்று, இரண்டும் எட்டாம் மாசம் வயிற்றிலேயே போய்விட்டன. அதற்குப் பிறகுதான் அபுதாஹிர் அவளைப் பம்பாய்க்குக் கூட்டி வந்தான். எண்பத்தெட்டு மே மாசம் அவள் மூன்றாவது வயிற்றோடு எங்கள் ஓ.பி.டி.க்குப் பெயர் பதிய வந்தபோது வரிசையில் நாற்பது பேர். முப்பிடாதியம்மாள் தேதி கேட்டார், அவள் சொன்னாள், இவர் தாளைப் புரட்டினார், ஜோக்லேகர் மேடம் கேஸ் பேப்பரில் கடைசி மாதவிலக்கு போன டிசம்பர் நாலு என்று எழுதினார்.

ஜூலை முதல் வாரம். தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ஹார்பர் லைன் படுத்துவிட்ட ஒரு திங்கட்கிழமை ஷரீஃபுன்னிசா நனைந்துகொண்டே வந்தாள். பழைய இழப்புகளை எண்ணி மேடம் அவளை டாப்ளருக்கு அனுப்பினார். நான் முனையை வைத்தேன். சத்தம் வந்தது, நின்றது, வந்தது, நின்றது. ஒவ்வொரு மலைக்கும் நடுவில் கோடு தரையில் படுத்துக் கிடந்தது. முப்பிடாதியம்மாள் என்னைப் பார்த்தார், நான் மேடத்தைப் பார்த்தேன். ஷரீஃபுன்னிசா எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

மேடம் படத்தை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனார். பெரிய டாக்டர் ஷரீஃபுன்னிசாவின் வயிற்றைக் கையால் அளந்து, கேஸ் பேப்பரைப் பார்த்தார். டிசம்பர் நாலிலிருந்து முப்பது வாரம் ஆகிறது. குழந்தையும் முப்பது வாரத்துக் குழந்தை அளவில் இருக்கிறது. வளர்ச்சி சரியாக இருக்கிற குழந்தைக்கு ரத்தம் எப்படி நிற்கும் என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மெஷினை ஒரு தரம் செக் பண்ணு" என்றார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

மெஷினில் கோளாறு என்றால் என் பெண்டாட்டியைக் குறை சொன்ன மாதிரி, அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றாலும். என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு வந்த இன்னும் ஏழு பெண்களுக்கு வைத்துப் பார்த்தேன். ஏழும் ஒழுங்காக ஓடின. புதன்கிழமை ஷரீஃபுன்னிசாவை மறுபடி வரச் சொல்லி வைத்தேன். அதே இடைவெளி, அதே தரை.

ஜோக்லேகர் மேடம் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவர் அன்றைக்கு எனக்கு விளக்கியது இதுதான். மெஷின் சொல்வது நிஜமென்றால் இன்னும் இரண்டு வாரம் காத்திருந்தால் பிள்ளை முன்னைப் போலவே உள்ளேயே போய்விடும். ஆனால் முப்பது வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தால் நுரையீரல் பக்குவப்படாது, இங்கே அந்த வயதுக் குழந்தை பிழைப்பது அபூர்வம். வைத்தாலும் பயம், எடுத்தாலும் பயம். பெரிய டாக்டர் காத்திருக்கச் சொல்லிவிட்டார். எழுதியிருந்த தேதியைப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே கிடையாது. முப்பிடாதியம்மாள் குப்பைத் தொட்டியை எடுக்கிற சாக்கில் அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

வெளியே பெஞ்சில் ஷரீஃபுன்னிசா மழை விடுவதற்காக உட்கார்ந்திருந்தாள். முப்பிடாதியம்மாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவருகே ஒயர் சுற்றிக்கொண்டிருந்த எனக்குப் பேச்சு நன்றாகக் கேட்டது.

"பயப்படாத பிள்ள. இன்னும் ரெண்டு மாசம் தள்ளிட்டேன்னா எல்லாம் சரியாயிரும்."

"ரெண்டு மாசமா? எங்க மாமி முஹர்ரம் பிறை தெரியுததுக்கு முந்தியே பிள்ளை வந்துரும்னுல்லா சொல்லுதாவ" என்றாள் ஷரீஃபுன்னிசா.

முப்பிடாதியம்மாள் எழுந்து உள்ளே வந்தார். காலண்டரைப் பார்த்தார். முஹர்ரம் பிறை ஆகஸ்ட் நடுவில் வந்தது. கேஸ் பேப்பரில் பிரசவத் தேதி செப்டம்பர் பத்துக்குப் பக்கத்தில் இருந்தது. விரலை மடக்கி மடக்கி இரண்டு தரம் எண்ணினார். பிறகு கையில் காலண்டரோடு திரும்பவும் பெஞ்சுக்குப் போனார்.

"ஏ பிள்ள, மைதீன் பிறை பதினொண்ணுல குளிச்சேன்னுதான அன்னைக்கு எங்கிட்டச் சொன்ன?"

"குளிக்கலைன்னுல்லா சொன்னேன் அக்கா."

முப்பிடாதியம்மாள் அப்படியே நின்றுவிட்டார். பிறையைத் தேதியாக்குகிற கஷ்டமான கணக்கை ஒரு நொடியில் போட்ட சந்தோஷத்தில், சுலபமான வார்த்தையைக் காதில் வாங்காமல் விட்டிருக்கிறார். டிசம்பர் நாலு மாதவிலக்கு வந்த நாள் இல்லை, வராமல் போன நாள். ஒரு மாசம் அப்படியே விழுங்கப்பட்டிருக்கிறது. பிள்ளைக்கு முப்பது வாரம் இல்லை, முப்பத்துநாலு தாண்டிவிட்டது. அப்படியென்றால் முப்பது வாரத்து அளவு என்பது சரியான வளர்ச்சியே இல்லை. நாலு வாரம் பட்டினி கிடந்த குழந்தை அது. மெஷின் முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், என் மெஷின் ஜெயித்துவிட்டதே என்று. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. அடுத்துத்தான் முப்பிடாதியம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அந்த மாசம்தான் பத்லி ஆட்களை நிரந்தரமாக்குகிற லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. நான் அவர் காதோரம் போய் யோசனை சொன்னேன்.

"அந்தப் பொண்ணு அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டா, இப்பதான் சரியாச் சொல்றான்னு சொல்லிடுங்கோ. யாரும் கேக்கப் போறதில்லை."

"ரெண்டு பிள்ளையும் அவளுக்குப் போயி, பழியும் அவளுக்கா சாமி?" என்றார். அதட்டவில்லை, சாதாரணமாகக் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நேராக மேடத்தின் மேஜைக்குப் போய், "கல்தி மேரா ஹை" என்றார், தப்பு என்னுடையது என்று. இலக்கணம் தப்பு, 'மேரி' என்று சொல்லியிருக்க வேண்டும். அர்த்தத்தில் ஒரு குறையும் இல்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

மேடம் கோபப்படவில்லை, ஆனால் உடனே நம்பவும் இல்லை. பெரிய டாக்டரிடம் போய், ஆயா இப்போது தேதியை மாற்றிச் சொல்கிறார் என்று நிற்க முடியுமா? முந்தின மாதவிலக்கு எப்போது வந்தது என்று இந்தப் பெண்ணுக்கு எப்படி நிச்சயமாகத் தெரியும் என்று கேட்டார். ஷரீஃபுன்னிசாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மவ்லூது பிறை பிறந்ததிலிருந்து பன்னிரண்டு நாளும் தெருவில் ஒரு வீட்டில் பெண்கள் கூடி நபியைப் புகழ்கிற மவ்லூது ஓதினார்கள். பதினோரு நாள் இவளும் போனாள். பன்னிரண்டாம் நாள் நபி பிறந்த நாள், நெய்ச்சோறு ஆக்கி முடிக்கிற நாள். அன்றைக்குக் காலையில் இவளுக்கு வந்துவிட்டது. ஓதுகிற இடத்தில் உட்கார முடியாமல் வீட்டில் தனியாக இருந்து அழுதாள். சோறு மட்டும் வந்து சேர்ந்தது.

முப்பிடாதியம்மாள் இதை ஹிந்தியில் சொன்னார், இந்தத் தரம் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று. மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஈத்-ஏ-மிலாதா? அன்றைக்கு ஓ.பி.டி. லீவு" என்றார். சுவரில் ஒட்டியிருந்த போன வருஷத்து விடுமுறைப் பட்டியலை நான் போய்ப் பார்த்தேன். நவம்பர் ஐந்து. டிசம்பர் நாலை ஒரு கோட்டில் அடித்துவிட்டு மேடம் அதை எழுதினார். பேப்பரை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார்.

பெரிய டாக்டரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். அவர் டேப்பை எடுத்து வயிற்றைத் தானே மறுபடி அளந்தார். என் டாப்ளர் படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நாளைக்குக் காலையில் முதல் கேஸ்" என்றார். மெஷினைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோ முந்நூற்றைம்பது கிராம். தோலும் எலும்புமாக, கிழவி மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள். ஆனால் தியேட்டருக்கு வெளியே இருந்த எனக்கே கேட்கிற மாதிரி அழுதாள். நஞ்சுக்கொடி சின்னதாக, அங்கங்கே வெளுத்துக் கெட்டியாகிப் போயிருந்ததாம். இன்னும் பத்து நாள் தாங்கியிருக்காது என்றார் மேடம். கண்ணாடிப் பெட்டியில் முப்பத்திரண்டு நாள். முப்பிடாதியம்மாள் தன் வார்டு இல்லாத வார்டுக்குப் போய் தினமும் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த வார்டு மௌஷிகளோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டு வருவார்.

பெரிய டாக்டர் அவரைக் கூப்பிட்டனுப்பியபோது வேலை போய்விட்டது என்றே நினைத்துப் போனார். டாக்டரோ, இனிமேல் தேதி கேட்கும்போது வந்த நாள், வராத நாள் இரண்டையும் கேட்டு இரண்டு வரியாக எழுத வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அந்த வருஷ லிஸ்டில் முப்பிடாதியம்மாள் பெயர் இல்லை. அது இந்தத் தப்பினாலா, வழக்கமான இழுபறியினாலா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. மூன்று வருஷம் கழித்து நிரந்தரமானார்.

ஷரீஃபுன்னிசா வீட்டுக்குப் போகிற நாளில் அபுதாஹிர் புதுச் சட்டை போட்டு, மாஹிமிலிருந்து ஒரு ஸ்வீட் டப்பா வாங்கிக்கொண்டு ஓ.பி.டி.க்கு வந்தான். பின்னாலேயே அவள், துணியில் சுற்றிய குழந்தையோடு. அவன் டப்பாவை முப்பிடாதியம்மாளிடம் நீட்டினான். அவர் கையை நீட்டவில்லை.

"தம்பி, இதை வாங்குததுக்கு முந்தி ஒரு சங்கதி சொல்லணும். உன் பொஞ்சாதி சரியாத்தான் சொன்னா. நான்தான் தப்பா எழுத வச்சேன். அது தெரியாமலே போயிருந்தா இந்தப் பிள்ளை இல்ல. யாரும் உங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாவ, அதான் சொல்லுதேன்."

டப்பாவை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும் அக்கா" என்றாள் ஷரீஃபுன்னிசா. "அன்னைக்குப் பெஞ்சுலயே தெரியும். ஊர்ல ரெண்டு பிள்ளை போனப்ப, மாமிகிட்டக் கேட்டாவ, இவுககிட்டக் கேட்டாவ. எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. என் வயித்தப் பத்தி எங்கிட்ட வந்து கேட்ட மொத ஆளு நீங்கதான். தப்பா எழுதினா என்ன, திரும்ப வந்து கேட்டியளே."

சொல்லிவிட்டுக் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். முப்பிடாதியம்மாள் அதை மார்போடு வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. வரிசையில் அடுத்த பெண் காத்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பதில் நான்தான் கூப்பிட்டேன்.